சுற்றுலாப் பேருந்தும் வகுப்பறைதான்

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விச் சுற்றுலா பற்றிப் பதினைந்து இருபது நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பொங்கல் விடுமுறை நெருங்கினாலே நம் பள்ளிகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். "சார், இந்த வருஷம் எங்கே?" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட வழிமறித்துக் கேட்கும். நாமும் ஒரு பட்டியல் போடுவோம். ஒரு அணை, ஒரு கோயில், ஒரு பூங்கா, முடிந்தால் ஒரு நீர் விளையாட்டுத் திடல். இரவு கிளம்பினால் ஒரு நாள் மிச்சம் என்று கணக்குப் போடுவோம். பேருந்தில் ஏறியதும் பாட்டு. பாட்டு முடிந்ததும் தூக்கம். பிள்ளைகள் கண் விழிக்கும்போது ஊர் வந்திருக்கும். இடையில் கடந்துபோன இருநூறு கிலோமீட்டர் யார் கணக்கிலும் வராது.

நான் இன்று பேச விரும்புவது அந்த இருநூறு கிலோமீட்டரைப் பற்றித்தான். போய்ச் சேரும் இடம் ஒரு பாடம் என்றால், போகும் வழி நான்கு பாடம். சுற்றுலாத் தலம் என்று யாரும் பெயர்ப்பலகை வைக்காத இடங்கள் வழியில் நிறைய இருக்கின்றன. அங்கே பேருந்தை நிறுத்த வேண்டும், எதைப் பார்ப்பது என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். நாம் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

பொதுவாகச் சொன்னால் அறிவுரை போலாகிவிடும். எங்கள் பள்ளியிலிருந்து போய்வந்த ஒரு பயணத்தையே எடுத்துக்கொள்கிறேன். குளித்தலைப் பக்கத்திலிருந்து கரூர், வெள்ளக்கோவில், காங்கேயம் வழியாகக் கோயம்புத்தூர். போய்ச் சேர்ந்த இடம் அவினாசி சாலையில் உள்ள ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம். 2015இல் திறக்கப்பட்டது. பல நாடுகளில் உருவான பழைய கார்களைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். அங்கே போவதென்று முடிவானதும் முழுப் பயணத்துக்கும் ஒரே கேள்வி வைத்துக்கொண்டோம்: "சக்கரத்தைச் சுழற்றுவது எது?" நிறுத்திய இடங்கள் எல்லாம் அந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு வகையில் பதில் சொல்லும் இடங்கள்.

முதல் பாடம் சாலையே. நாங்கள் போனது தேசிய நெடுஞ்சாலை 81. பேருந்து நகர்ந்ததும் பிள்ளைகளிடம், "ஏன் 81? ஏன் 80 இல்லை?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. நம் நாட்டில் கிழக்கு மேற்காகப் போகும் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு ஒற்றைப்படை எண், வடக்கு தெற்காகப் போவனவற்றுக்கு இரட்டைப்படை எண். நம் 81 சிதம்பரத்துக்கும் கோவைக்கும் இடையே கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை இறங்கி வரும் சாலைக்கு எண் 44. இதைச் சொன்ன பிறகு வரைபடத்தில் சாலை எண்களைப் பார்த்துத் திசை சொல்லும் விளையாட்டு அவர்களாகவே தொடங்கிவிட்டது.

அடுத்து மைல்கல். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு நிறமென்றால் கிராமச் சாலை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது போதும். வழி முழுவதும் ஜன்னலை விட்டு நகராது. பெரிய வகுப்புக்கு ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுங்கள். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் எத்தனை விநாடி ஆனது என்று எழுதட்டும். 3600ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 72 விநாடி என்றால் வேகம் 50. கணக்குப் போட்டதும் எழுந்துபோய் ஓட்டுநரின் தோளுக்குப் பின்னால் நின்று வேகமானியை எட்டிப் பார்த்தார்கள். ஓடும் வண்டியில் எழுந்து நிற்காதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் வேகம், தூரம், காலம் என்ற பாடத்தை நான் மறுபடி நடத்த வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது பாடம் கரூரில். கரூர் என்றால் ஜவுளி, கொசுவலை என்று பிள்ளைகள் சொல்வார்கள். பேருந்துக்குக் கூண்டு கட்டும் தொழிலும் கரூரின் அடையாளம். நெடுஞ்சாலையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங் மட்டும் உள்ள வெறும் சேசிஸ் வண்டி ஒன்று போகும். சுற்றிலும் சுவர் இல்லை, மேலே கூரை இல்லை. ஓட்டுநர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலிலும் காற்றிலும் ஓட்டிப் போவார். அந்த எலும்புக்கூடு பட்டறைக்குள் போய்ச் சில வாரம் கழித்துப் பேருந்தாக வெளியே வருகிறது. எப்படி என்று நம் பிள்ளைகள் பார்த்ததில்லை. முன்கூட்டியே போய்க் கேட்டு, ஒரு பட்டறைக்காரரிடம் நாற்பது நிமிடம் அனுமதி வாங்கியிருந்தோம்.

அங்கே வேலை அடுக்கடுக்காக நடக்கிறது. முதலில் இரும்புச் சதுரக் குழாய்களை வெட்டி வெல்டிங் செய்து கூடு எழுப்புகிறார்கள். பிறகு தகடு போர்த்துகிறார்கள். ஜன்னல், தரைப்பலகை, இருக்கை, மின்கம்பி, கடைசியில் பெயிண்ட். வளைவுகளைத் தட்டிச் சரிசெய்யும் டிங்கரிங்காரர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவி, "இங்கே ஒரு நூல் தூக்குது" என்றார். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அளவுகோலை வைத்துப் பார்த்தோம், தூக்கித்தான் இருந்தது. அந்த உள்ளங்கை பல வருடம் படித்த பாடம் அது.

அந்த நாற்பது நிமிடத்தில் இன்னொன்றும் நடந்தது. எங்கள் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். வகுப்பில் அவன் குரல் கேட்டதில்லை. கடைசி வரிசையில் இருப்பான். வாசிப்பில் பின்தங்கியவன். கூடு கட்டும் இடத்தில் நின்றபோது, "குழாய் ஏன் உருண்டையாக இல்லாமல் சதுரமாக இருக்கிறது?" என்று அறிவியல் ஆசிரியை கேட்டார். அவன் மெதுவாக, "உருண்டையில தகடு ஒட்டாது டீச்சர். ஒரு கோட்டுலதான் தொடும். சதுரம்னா முழுசா உட்காரும், ரிவிட் அடிக்கலாம்" என்றான். எங்கே கற்றாய் என்று கேட்டால், அவன் அப்பா இதே போன்ற வேறொரு பட்டறையில் வெல்டராம். விடுமுறையில் சாப்பாடு எடுத்துப்போகும்போது பார்த்திருக்கிறான். அதன்பிறகு அந்தப் பட்டறையில் எங்களுக்கு வழிகாட்டி அவன்தான். பட்டறைக்காரரே சிரித்துக்கொண்டு ஒதுங்கி நின்றுவிட்டார்.

திரும்பி வந்து பயணக் கட்டுரை எழுதச் சொன்னோம். அவன் எழுதியது ஆறே வரி, பிழைகளோடு. அதில் ஒரு வரி, தன் அப்பா பஸ் கட்டுபவர் என்பது. சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் அவன் பெயருக்கு நேரே "கூலி" என்று இருக்கிறது. நம் பதிவேடுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரே சொல்தான். வெல்டர், பெயிண்டர், லாரி ஓட்டுநர், மெக்கானிக், தறி ஓட்டுபவர் எல்லோரும் அங்கே கூலி ஆகிவிடுகிறார்கள். "படிக்கலைன்னா லாரியில கிளீனராத்தான் போவே" என்ற வசனம் நம் வளாகங்களில் இன்னும் கேட்கிறது. அதே வகுப்பில் ஒரு கிளீனரின் மகள் உட்கார்ந்திருப்பாள். பிள்ளை தன் அப்பாவின் வேலையில் அறிவு இருக்கிறது என்று பார்ப்பதும், அதை வகுப்பே பார்ப்பதும் சின்ன விஷயம் இல்லை. ஒரு பூங்காவுக்குப் போயிருந்தால் அது நடந்திருக்காது.

பட்டறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெல்டிங் ஒளியைப் பிள்ளைகள் நேராகப் பார்க்கக் கூடாது. நாங்கள் போயிருந்த நேரத்தில் அந்த வேலையை நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொண்டோம். எல்லோரும் செருப்பு அணிந்திருக்க வேண்டும். பத்துப் பேராகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு ஆசிரியர் என்று உள்ளே போக வேண்டும்.

மூன்றாவது நிறுத்தம் காங்கேயம் பக்கம். இங்கே பார்க்க வேண்டியது சாலையோரத்துக் காடு. கொரங்காடு என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்வார்கள். மழை குறைந்த அந்த மண்ணில், கிளுவை முள்ளை உயிர்வேலியாக வளர்த்து, உள்ளே வெள்வேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லும் வைத்து மாடு மேய்க்கிறார்கள். நட்ட கம்பியும் இல்லை, சுவரும் இல்லை. காங்கேயம் மாடு வளர்ந்தது இந்த மேய்ச்சல் நிலத்தில்தான். கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதம் போல ஆனதும் நிறம் மாறிச் சாம்பல் வெள்ளையாகிவிடும். பிள்ளைகள் இதை நம்பவில்லை. மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடமே, "தாத்தா, நிஜமா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்கள்.

கார் பார்க்கப் போகிறவர்களுக்கு மாடு எதற்கு என்று கேட்கலாம். நம் கேள்வி சக்கரத்தைச் சுழற்றுவது எது என்பது. இந்தப் பக்கத்தில் பல நூற்றாண்டுகளாக அதைச் சுழற்றியது இந்தக் காளைதான். வண்டியும் அதுதான் இழுத்தது, கமலையில் தண்ணீரும் அதுதான் இறைத்தது. எஞ்சினின் ஆற்றலை இன்றும் குதிரைத்திறன் என்றுதான் சொல்கிறோம். ஒரு குதிரைத்திறன் என்பது சுமார் 746 வாட். அந்த அளவுக்கு ஏன் ஒரு விலங்கின் பெயர் வந்தது என்பதைக் கரும்பலகைக்கு முன்னால் சொல்வதைவிட, மூக்கணாங்கயிறு போட்ட ஒரு காளைக்கு முன்னால் நின்று சொல்வது எளிது.

நேரம் இருந்தால் இங்கிருந்து வடக்கே சென்னிமலைப் பக்கம் விலகிக் கொடுமணல் போகலாம். நொய்யல் ஆற்றின் வடகரை. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுதான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். 1985 முதல் பல கட்டமாக அங்கே அகழாய்வு நடந்திருக்கிறது. இரும்பு உருக்கிய உலைகள், மணிக்கற்களைப் பட்டை தீட்டிய தடயங்கள், தமிழி எழுத்து கீறிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. போய் நின்றால் பெரிதாக எதுவும் கண்ணில் படாது. குழிகளை மூடிவிட்டார்கள். ஆனால் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் ஒருவர் இரும்பை உருக்கினார் என்பதை, காலையில் கரூர்ப் பட்டறையில் இரும்பை வெட்டியதைப் பார்த்த பிள்ளையிடம் அங்கே வைத்துச் சொல்லிப் பாருங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: தரையில் ஓடு கிடந்தால் பார்க்கலாம், எடுத்துப் பையில் போடக் கூடாது. எடுத்தால் அது வெறும் ஓடு, கிடந்த இடத்தில் இருந்தால்தான் வரலாறு. கொரங்காடு, கொடுமணல் இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். ஏதாவது ஒன்று போதும்.

இனிக் கோயம்புத்தூர். கார் அருங்காட்சியகத்தில் பிள்ளைகளை அப்படியே உள்ளே விட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, "சூப்பர் சார்" என்று வெளியே வந்துவிடுவார்கள். அதனால் வாசலில் உட்காரவைத்து ஒரு கதை சொன்னேன்.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்ற பொறியாளர் 1886இல் ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் எஞ்சினின் ஆற்றல் முக்கால் குதிரைத்திறன்தான், ஒரு முழுக் குதிரைகூட இல்லை. மக்கள் அதை வேடிக்கை பார்த்தார்கள், வாங்க முன்வரவில்லை. 1888 ஆகஸ்டில் ஒருநாள் விடியற்காலை, அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் வண்டியை எடுத்தார். பதினைந்து வயதும் பதின்மூன்று வயதும் ஆன இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கும் மேல். அதுவரை மோட்டார் வண்டியில் யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

வழியில் எரிபொருள் தீர்ந்தது. பெட்ரோல் நிலையம் என்று ஒன்று உலகத்தில் இல்லாத காலம். வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில், கறை நீக்க விற்கும் லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது ஒரு செருப்புத் தொழிலாளியிடம் போய்த் தோல் அடித்துக்கொண்டார். ஏற்றத்தில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். போய்ச் சேர்ந்தார்கள். சில நாளில் திரும்பியும் வந்தார்கள். இன்று அந்தப் பாதைக்கு அவர் பெயரையே வைத்து வழிநெடுகப் பலகை நட்டிருக்கிறார்கள். வீஸ்லோக் மருந்துக்கடையை உலகின் முதல் பெட்ரோல் நிலையம் என்று சொல்லி மக்கள் போய்ப் பார்க்கிறார்கள். வழியில் கிடக்கும் ஒரு சாதாரணக் கடை, ஒரு கதையால் பார்க்க வேண்டிய இடமாகிவிட்டது.

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "வண்டியைச் செய்தவர் அவர், ஓடும்னு காட்டியவங்க அவங்க" என்றாள். பாலினச் சமத்துவம் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த இரண்டு வாக்கியத்தை அதோடு விட்டுவிட்டேன்.

உள்ளே போகும்போது ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று கேள்வி. பிடித்த ஒரே ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்து, அதன்முன் கால்மணி நேரம் நின்று, மூன்றுக்கும் பதில் எழுத வேண்டும்.

ஒன்று, எஞ்சின் எங்கே இருக்கிறது? முன்னாலா, பின்னாலா? வோக்ஸ்வாகன் பீட்டில் வகைக் காரில் எஞ்சின் பின்னால், பெட்டி வைக்கும் இடம் முன்னால். அதற்குத் தண்ணீர் ரேடியேட்டரும் கிடையாது, காற்றுதான் குளிர்விக்கும். இது தெரிந்ததும் பிள்ளைகள் எல்லாக் காரின் முகப்பையும் உற்றுப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ரேடியேட்டருக்குக் காற்றுப் போகும் சல்லடை இருக்கிறதா, இல்லையா என்று தேடுகிறார்கள். வெப்பம் கடத்தல் பாடம் அங்கே நடந்துவிடுகிறது.

இரண்டு, இதை யாருக்காகச் செய்தார்கள்? ஓட்டுநருக்கும் முதலாளிக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு இருக்கிறதா? இருக்கை யாருக்கு மெத்தை, யாருக்குத் தோல்? வண்டியின் உடலைப் பார்த்தாலே அந்தக் காலத்துச் சமூகம் தெரியும். இங்கே ஃபோர்டின் மாடல் டி காரைப் பற்றிச் சொல்லலாம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தார்கள். 1913இல் நகரும் பொருத்துவரிசையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பொருத்தச் சுமார் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது, 1914இல் அது 93 நிமிடமாகக் குறைந்தது. பன்னிரண்டரை மணி என்பது 750 நிமிடம். ஏறத்தாழ எட்டு மடங்கு வேகம். விலையும் பாதிக்குக் கீழே இறங்கியது. எப்படி? இங்கே காலையில் பார்த்த பட்டறையை நினைவூட்டினேன். அங்கே பேருந்து நின்ற இடத்தில் நிற்கிறது, வெல்டரும் பெயிண்டரும் அதைத் தேடி வருகிறார்கள். ஃபோர்டின் ஆலையில் தொழிலாளி நின்ற இடத்தில் நிற்கிறார், வண்டி அவரைத் தேடி வருகிறது. "எதுல வேலை செய்ய உனக்குப் பிடிக்கும்?" என்று கேட்டேன். ஒருவன், "நம்ம ஊரு பட்டறைதான் சார், அங்கே நாள் பூரா ஒரே போல்ட்டையே திருகணும்" என்றான். இன்னொருத்தி, "ஆனா அங்கேதான் காரு விலை குறைஞ்சுது" என்றாள். பொருளியல் வகுப்பில் இப்படி ஒரு வாதம் எழ எத்தனை வாரம் ஆகும்!

மூன்று, இந்த வண்டியில் இல்லாதது என்ன? பார்வையைக் கூர்மையாக்கும் கேள்வி இது. பக்கக் கண்ணாடி இல்லை, திரும்பும் விளக்கு இல்லை, துடைப்பான் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பார்கள். கடைசியில் ஒருவர் சீட் பெல்ட் என்பார். தோளிலும் இடுப்பிலும் மாட்டும் இன்றைய சீட் பெல்ட்டை 1959இல் வோல்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் உருவாக்கினார். அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று வோல்வோ திறந்துவிட்டது. அதுவரை கார்கள் வேகமாகின, அழகாகின. உள்ளே உட்கார்ந்தவரைக் காப்பாற்ற இந்தப் பட்டை வர எழுபது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. இதைக் கேட்ட பிள்ளையிடம் தலைக்கவசம் பற்றித் தனியாகப் பேச வேண்டியதில்லை. அப்பாவிடம் அவர்களே போய்ப் பேசுவார்கள்.

இப்போது நாம் எல்லோரும் எதிர்கொள்ள வேண்டிய ஒரு கடினமான கேள்விக்கு வருகிறேன். அந்த அருங்காட்சியகத்துக்குப் போனால் ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும். 1893இல் கோவை அருகே கலங்கலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைத் தொடக்க வகுப்புகளிலேயே விட்டவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி வைத்திருந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவையில் ஒரு உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து, அதையே வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டினார். 1920இல் ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கி, பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்த்தார். 1937இல் நம் நாட்டிலேயே மின்மோட்டார் செய்ததில் அவருக்குப் பங்குண்டு.

இதைச் சொன்னதும் ஒரு பையன் எழுந்து கேட்டான்: "அப்ப அவர் படிக்காமலேயே ஜெயிச்சுட்டாரே சார். நாங்க மட்டும் ஏன் படிக்கணும்?"

வகுப்பே சிரித்தது. ஆனால் பத்தாம் வகுப்போடு நின்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கேள்வி அது. மழுப்பினால் அவன் நம்மை நம்ப மாட்டான். நான் சொன்னது இதுதான். அவர் விட்டது பள்ளியை, படிப்பை இல்லை. மோட்டார் சைக்கிளைக் கழற்றியது படிப்பு. வெளிநாடு போய் ஆலைகளைப் பார்த்தது படிப்பு. அப்படி வளர்ந்தவர் கடைசியில் எதற்காகப் பாடுபட்டார் என்று பார். 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி வருவதற்கு முன்னின்றார். அது இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது, நீ நல்ல மதிப்பெண் எடுத்தால் அங்கே சேரலாம். பள்ளி வேண்டாம் என்று நினைத்தவர் கல்லூரிக்கு உழைப்பாரா? தான் தட்டுத்தடுமாறிக் கற்றதை அடுத்தவன் நேராகக் கற்கட்டும் என்று நினைத்ததால்தானே? அவரைப் போலக் கழற்றிப் பார்க்கும் ஆசையும் உனக்கு வேண்டும், அவருக்குக் கிடைக்காத பள்ளியும் உனக்கு வேண்டும். இரண்டில் ஒன்றை விடச் சொல்லி அந்தக் கதை சொல்லவில்லை.

அவன் உட்கார்ந்துவிட்டான். ஏற்றுக்கொண்டானா என்று தெரியாது. ஆனால் தொழிற்பயிற்சி நிலையம், பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி இவற்றுக்கெல்லாம் என்ன வித்தியாசம் என்று திரும்பும் வழியில் நான்கு பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். உயர்கல்வி வழிகாட்டல் அந்தப் பேருந்திலேயே நடந்தது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். சில குறிப்புகள் மட்டும்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்குள் திரும்பும்படி திட்டமிடுங்கள். இரவுப் பயணம் வேண்டாம். தூக்கம் கெட்ட ஓட்டுநர் கையில் நாற்பது பிள்ளைகளை ஒப்படைக்க நமக்கு உரிமை இல்லை. துறையின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் கையில் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நிறுத்தம், ஒரு முக்கிய இடம், அதற்கு மேல் வேண்டாம். போகும் இடத்தின் விடுமுறை நாள், கட்டணம் இரண்டையும் ஒரு வாரம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மாணவிகளுக்குச் சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை ஒரு ஆசிரியர் முன்னதாகவே போய்ப் பார்த்துவர வேண்டும். அது தெரியாவிட்டால் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். மதியத்துக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் செலவும் குறையும், வயிறும் கெடாது.

பணம்தான் முக்கியம். பலருக்குப் பள்ளிச் சுற்றுலாதான் மாவட்டத்தைத் தாண்டும் முதல் பயணம். அந்தப் பயணத்திலும், "எங்க வீட்ல விடமாட்டாங்க சார்" என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். பாதிப் பேருக்கு அதன் பொருள், வீட்டில் பணம் இல்லை என்பது. யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்ற பட்டியலை வகுப்பில் வாசிக்க வேண்டாம். அது ஒரே ஒரு ஆசிரியரிடம் இருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் முன்னாள் மாணவர்களிடமும் பேசி விடுபட்டவர்களுக்கு ஏற்பாடு செய்யுங்கள். நீண்ட தூரம் போய் இருபது பேரை விட்டுச் செல்வதைவிட, பக்கத்தில் போய் எல்லோரையும் அழைத்துச் செல்வது மேல்.

நாங்கள் கரூர்ப் பக்கம் இல்லையே என்று நீங்கள் நினைக்கலாம். எல்லா ஊர்ச் சாலையிலும் இப்படி ஏதோ ஒன்று இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் விழுந்து கல்லாக மாறிய மரம் அங்கே பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரையில் கல்மரங்கள் ஒரு தோட்டமாகவே கிடக்கின்றன. கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் முப்பந்தலில் காற்றாலைகளைப் பார்க்கலாம். சென்னைக்குப் போகிறவர்களுக்குப் பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் ரயில் அருங்காட்சியகம் உண்டு. தொடக்கப்பள்ளிக்கு அவ்வளவு தூரம்கூட வேண்டாம். உங்கள் ஊர் முக்கில் இருக்கும் சைக்கிள் கடை போதும். பழைய சைக்கிளின் சங்கிலியைக் கழற்றி மாட்டச் சொல்லிப் பாருங்கள், சக்கரத்தின் சுற்றளவை நூலால் அளக்கச் சொல்லுங்கள். கடைக்கார அண்ணனைப் பள்ளிக்கு ஒருநாள் ஆசிரியராக அழைத்துவாருங்கள்.

திரும்பி வந்தபின் கட்டுரையோடு நிறுத்த வேண்டாம். எங்கள் பள்ளியில் ஒரு ஜன்னலோரத்தில் மேசை போட்டு, வீட்டில் கிடக்கும் பழைய பொருட்களைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னோம். தேய்ந்த பிரேக் கட்டை, பழைய ஹாரன், காளையின் கழுத்துமணி, அரிக்கேன் விளக்கு என்று சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சீட்டு: என்ன பொருள், யார் பயன்படுத்தினார்கள், எப்படி வேலை செய்யும். சீட்டை எழுத வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்க வேண்டியிருந்தது. கேட்டார்கள், எழுதினார்கள். எழுதத் தயங்கிய பிள்ளைகளும் எழுதினார்கள். தனக்குத் தெரிந்ததைத்தானே எழுதுகிறார்கள்.

நண்பர்களே, இந்த ஆண்டுச் சுற்றுலாவுக்குத் திட்டம் போடும்போது வரைபடத்தை விரித்து, போகும் ஊரில் மட்டும் வட்டம் போடாமல், வழியில் இரண்டு இடத்தில் புள்ளி வையுங்கள். அந்த இரண்டு இடத்தில் யார் வேலை செய்கிறார்கள், அவர்களிடம் நம் பிள்ளைகள் என்ன கேட்கலாம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நம் வகுப்பில் யாருடைய பெற்றோர் அந்த வேலை செய்கிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தேதி குறிப்பதும் வண்டி பேசுவதும் அதற்குப் பிறகு இருக்கட்டும்.